இரண்டு கிலோமீட்டரில் ரியா

அக்டோபர் 21, திங்கள்

காலைப் பூசைக்குப் போய் வந்தேன். வானம் மூடியே இருந்தது, மழை இல்லை. தோசை மாவு புளித்துவிட்டது.

மகள் டெல்பின் மெல்பர்னிலிருந்து கூப்பிட்டாள். அடுத்த மாதம் பதினேழாம் தேதியோடு அவள் அப்பா போய் ஒரு வருடம். அன்று ஞாயிறு. நினைவுப் பூசை முடிந்ததும் மாதா கோயில் பங்கு மண்டபத்தில் அவர் எடுத்த வீடியோவில் ஒன்றைத் திரையில் ஓட்ட வேண்டும் என்கிறாள்.

"எது நல்லாருக்கும்னு உங்களுக்குத்தாம்மா தெரியும். நீங்களே பாத்து எடுத்து வச்சிருங்க."

தெரியும் என்று சொல்லிவிட்டேன். அவர் எடுத்த படம் ஒன்றைக்கூட நான் உட்கார்ந்து பார்த்ததில்லை என்பது மெல்பர்ன் வரை போக வேண்டிய செய்தி அல்ல.

துறைமுகத்தில் இழுவைக் கப்பலில் இன்ஜின் பார்த்தவர். ஓய்வுபெற்ற மறுமாதமே வீடியோ கேமரா வாங்கினார். அதன் பிறகு தினமும் மாலையில் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்புவார். விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். கேட்டால், "கப்பல் பாக்க" என்பார். பதினோரு வருடம் அப்படி. டேப்புகளை எல்லாம் கடைசி வருடம் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து ஃபைல்களாக மாற்றி, தன் கம்ப்யூட்டரில் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அக்டோபர் 22, செவ்வாய்

கம்ப்யூட்டரைத் துடைத்துத் திறந்தேன். கீபோர்டு எனக்குப் புதிதல்ல. கப்பல் ஏஜென்சியில் ஸ்டெனோவாக இருந்தவள் நான். என் கடிதத்தில் ஒரு திருத்தம் போட்டதாக எந்த மேனேஜரும் சொல்ல முடியாது.

முதல் படம். சாம்பல் நிறக் கடல். கடலுக்கும் வானத்துக்கும் இடையே கோடு இல்லை. நெடுநேரம் எதுவுமே நடக்கவில்லை. அலை, காற்று, கேமராவுக்குப் பின்னால் அவருடைய மூச்சு. பிறகு அந்தச் சாம்பலிலேயே ஓரிடம் மட்டும் கொஞ்சம் கெட்டியாகி, மெல்ல மெல்லக் கப்பலாயிற்று. நான் விழித்திருந்தேனா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கப்பல் திரையின் நடுவுக்கு வந்தபோது, அதை முழுக்க மறைத்துக்கொண்டு ஒரு விளம்பரம் திறந்தது.

ஒரு பெண். ஈரத் தலை. மஞ்சள் சட்டை, ஒரு தோளை மட்டுமே மூடுகிறது. கீழே ஆங்கிலத்தில்: இவள் ரியா, தனியாக இருக்கிறாள், உங்களிடமிருந்து இரண்டே கிலோமீட்டரில் காத்திருக்கிறாள்.

மூடினேன். இன்னொன்று திறந்தது. மூடினேன். மறுபடியும். அவளுக்குப் பின்னால் அலைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் எல்லாம் உறைந்துபோய், சுவிட்சையே அணைக்க வேண்டியதாயிற்று.

அக்டோபர் 23, புதன்

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் முகத்தில் கதவைச் சாத்துவதை நான் படித்த கான்வென்டில் யாரும் மன்னிக்கமாட்டார்கள். நேற்று நான் செய்தது அதுதான். ஆகவே இன்று எதையும் மூடவில்லை; எல்லாவற்றையும் படித்துப் பதில் சொன்னேன்.

ஒரு விண்டோ தினமும் செய்தி அனுப்பலாமா என்று கேட்டது. 'சரி', 'பிறகு' என்று இரண்டே பொத்தான்கள். ஒரேயடியாக மறுப்பதற்கு வழி வைக்கவில்லை. 'பிறகு' என்றேன். இன்னொன்று பெயர் கேட்டது. திருமதி எர்மலின் கஸ்பார் என்று அடித்து, 'எனக்கு இதில் விருப்பமில்லை, நன்றி' என்றும் சேர்த்து அனுப்பினேன். மரியாதையாகச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

மாலையில் மறுபடி படத்தைப் போட்டேன். கப்பல் நடுவுக்கு வந்தது. 'ஹாய் எர்மலின்! ரியா உங்களையே நினைத்துக்கொண்டிருக்கிறாள்.'

அறிமுகமில்லாத ஒருத்தி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது இதுதான் முதல்முறை.

அக்டோபர் 25, வெள்ளி

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் வளன் வந்தார். ஐம்பது வயதிருக்கும். செருப்பை வாசலில் ஜோடியாக நேராக விட்டார், காப்பி கொடுத்தேன்.

"என்ன விளம்பரம் மேடம் வருது? போட்டுக் காட்டுங்க."

"சோப்பு விளம்பரம்."

ஈரத் தலை, முழுப் பொய் அல்ல. படத்தைப் போட்டுக் காட்டவில்லை. ஓர் அந்நிய ஆணோடு உட்கார்ந்து பார்க்கக்கூடியதா அது?

ஏதோ ஸ்கேன் ஓட்டினார். கம்ப்யூட்டரில் வைரஸ் எதுவும் இல்லை என்றார். பழைய குப்பையை எல்லாம் அழித்துவிட்டாராம். இதில் உட்கார்ந்து யார் எந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள் என்ற விவரமும் அதோடு போயிற்றாம்.

"விளம்பரம் அனுப்புறவங்களுக்கு நம்ம யாருன்னு எப்படித் தெரியுது?" என்று கேட்டேன்.

"நாம என்ன பாக்குறமோ அதுக்குத் தக்கன வரும் மேடம். சட்டி பானை பாத்தா சட்டி பானை. சார்தான இதுல உக்காந்திருப்பாங்க?"

"ஆமா."

"அப்ப சார் பாத்ததுக்குத் தக்கன வருது." சிரித்தார். "சாருக்கு சோப்பு மேல அப்படி என்ன ஆசையோ!"

அவர் போன பிறகு காப்பி டம்ளரைக் கழுவினேன். கண்ணாடி டம்ளர், கைதவறி உடைந்துவிட்டது.

அக்டோபர் 26, சனி

பூக்காரி வரவில்லை. அவர் படத்துக்குப் பூ இல்லை.

அக்டோபர் 28, திங்கள்

மழை பிடித்துக்கொண்டது. வெளியே போக வழியில்லாததால் பகல் முழுவதும் படங்களைப் பார்த்தேன். டெல்பின் கேட்டாளே, அதற்காக.

எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. கடல் வருகிறது. நெடுநேரம் கடல். ஒன்றில் பச்சை, ஒன்றில் ஈயம், ஒன்றில் பாலைக் கொட்டியதுபோல் வெறும் வெள்ளை. ஓரத்தில் தோணியின் மூக்கு. பறவை ஒன்று தண்ணீரைத் தொடாமல் அதன் மேலேயே கோடு போட்டுக்கொண்டு போகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இந்த அறையின் சுவர்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. நாற்காலி லேசாக ஆடுவதுபோல் இருக்கிறது. அப்புறம் கப்பல். கப்பல் நடுவுக்கு வந்ததும் ரியா.

படங்களில் யாராவது இருக்கிறார்களா என்று நான் தேடவில்லை. யாரும் இல்லை. ஒரு முந்தானைகூட இல்லை.

ஒரு மனிதர் பதினோரு வருடம் தினமும் போய் வெறும் தண்ணீரைப் பார்த்தார் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அக்டோபர் 30, புதன்

சலேத் முத்தையாபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். இவருடைய தங்கை. நினைவு அட்டையின் பிரூஃப் கொண்டுவந்தாள். அவர் போட்டோவுக்குக் கீழே 'உண்மையுள்ள கணவர், அன்புள்ள தந்தை' என்று அவளே எழுதிக் கொடுத்திருந்தாள். பேனாவை எடுத்து முதல் இரண்டு சொற்களையும் அடித்தேன்.

"என்ன மைனி, அடிச்சிட்டீங்க?"

"வரி நீளமா இருக்கு."

"நீளமா இருந்தா எழுத்தச் சின்னதாப் போடச் சொல்லுதேன். அதுக்காக ஆளையே பாதியாக் கொறைப்பாங்களா?"

"தந்தைன்னா போதும்."

"பொண்டாட்டி இல்லாம பிள்ள பெத்தாவளாக்கும் எங்க அண்ணன்!" என்றாள். நான் சிரிக்கவில்லை. அவள் எழுந்து படத்தைப் பார்த்தாள். "பூ இல்லியே?"

"பூக்காரி வரல."

"இப்பத்தான தெருமுக்குல பாத்தேன். மழையில நனஞ்சிக்கிட்டு நிக்கா."

சலேத்துக்குக் கண் அவ்வளவு தெளிவில்லை.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். சலேத் போய் மெழுகுவர்த்தி வைத்து வந்தாள். எனக்கு முழங்கால் வலி, போகவில்லை.

நவம்பர் 4, திங்கள்

மருந்து வாங்கக் கிளம்பினேன். காற்று நன்றாக இருந்ததால் ஓர் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். தெற்கே போகச் சொன்னேன். இவர் எங்கள் வாசலில் இறங்கியதும் தெற்கே திரும்புவது வழக்கம்.

"எங்கம்மா நிறுத்தணும்?"

"ரெண்டு கிலோமீட்டர் வந்ததும்."

"அதில்லம்மா, எந்த எடம்?"

"ரெண்டு கிலோமீட்டர்னா ரெண்டு கிலோமீட்டர்தான்."

கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓட்டினார். சொன்ன இடத்தில் நிறுத்தினார். ஒரு பக்கம் கடல். மறுபக்கம் உப்பளம், மழைத்தண்ணீரில் பாத்திகள் எல்லாம் முழுகி, வானம் முழுவதும் தரையில் கிடந்தது. மேகம் என் காலடியில் போயிற்று. எட்டத்தில் ஒரு தகரக் கொட்டகை. அது தண்ணீரில் தலைகீழாகவும் நின்றது.

வரப்பின்மேல் நடந்தேன். முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை. கொட்டகை பூட்டியிருந்தது. இடுக்கு வழியாகப் பார்த்தேன். சாக்குகள், இரண்டு உப்பு வாரும் பலகைகள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் யாரும் இல்லை. வெகுநாளாக யாரும் உட்காராத தூசி.

திரும்பி வந்தபோது ஆட்டோக்காரர் பீடியை அணைத்தார். "யாரத் தேடுதீங்கம்மா? பேரச் சொன்னா விசாரிச்சுக் குடுப்பேன்."

"காத்து வாங்க வந்தேன்."

"நம்ம தெருவுலயே வேணுங்கிற மட்டும் அடிக்குதேம்மா!"

மருந்து வாங்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 6, புதன்

மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே கண்ணயர்ந்தேன். ரியா வந்தாள். கடலிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். தலையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையெல்லாம் நனைந்தது. துண்டு கொடுத்தேன். நேராக உட்கார் என்றேன், உட்கார்ந்தாள். தோளை மூடு என்றேன்; மூடினாள். பணிவான பெண்ணாகத்தான் இருந்தாள்.

"அவர் உன்கிட்ட என்ன பேசுவார்?" என்று கேட்டேன்.

"என்கிட்ட யாரும் பேசினதில்ல," என்றாள். "எல்லாரும் பாத்த உடனே மூடிருவாங்க. நீங்க ஒருத்தங்கதான் பதில் எழுதுனீங்க."

விழித்துப் பார்த்தபோது மழைச்சாரல் அடித்துத் தரை நனைந்திருந்தது. துடைத்தேன்.

நவம்பர் 8, வெள்ளி

யாரும் சொல்லாமல் எனக்கே ஒரு யோசனை வந்தது: இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிட்டால் அவள் எந்த வழியாக வருவாள்? பிடுங்கினேன். படத்தைப் போட்டேன். கப்பல் நடுவுக்கு வந்தது. அதே நொடியில் விண்டோ திறந்தது. உள்ளே ரியா இல்லை. வெறும் வெள்ளை.

அவள் வராவிட்டாலும் அவளுக்கான இடத்தை யாரோ திறந்துவைக்கிறார்கள். அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. உப்பளம்போல் இருந்தது.

டெல்பினிடம், வீடியோ எல்லாம் வேண்டாம், பூசை மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன்.

"ஏம்மா? அப்பாவப் பத்தி நாலு பேர் பாக்கட்டுமேம்மா."

"என்னத்தப் பாக்கணும்?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவள் வேறு பேச்சுக்குப் போனாள்.

நவம்பர் 11, திங்கள்

டெல்பின் உடனே சலேத்துக்குப் போன் போட்டிருக்கிறாள். சலேத் என்னைக் கூப்பிட்டாள். "உங்களுக்கு முடியலைன்னா எங்கிட்டக் குடுங்க மைனி. அண்ணன் எடுத்ததுல எது நல்லதுன்னு நான் பாத்துச் சொல்லுதேன்." ஃபைல்களை அவளிடம் கொடுத்துவிட்டு நான் வீட்டில் இருக்க முடியுமா? பென்டிரைவில் ஒரே ஒரு படத்தைப் போட்டு எடுத்துக்கொண்டு நானே முத்தையாபுரம் போனேன். கப்பல் நடுவுக்கு வருவதற்குள் நிறுத்திவிடலாம் என்று திட்டம்.

அவள் லேப்டாப் சாப்பாட்டு மேஜையில் இருந்தது. அதில் செபக்கூட்டம் தவிர எதையும் பார்ப்பதில்லை என்பாள். நாள் முழுக்கப் பிரியாணி செய்வதைத்தான் பார்க்கிறாள். மஞ்சள் கறை கீபோர்டிலேயே இருக்கிறது.

படம் ஓடியது. சலேத் அழுதாள். "அண்ணன் மூச்சு மைனி, கேக்குதா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தது என் வலது கை. மௌஸ் எட்டவில்லை. கப்பல் நடுவுக்கு வந்துவிட்டது.

"ஆத்தாடி! யாரு மைனி இவ?"

கையை உருவிக்கொண்டேன்.

சலேத் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். "தலையத் தொவட்டாம வந்து நிக்காளே, சளி புடிச்சிராதா? என்ன எழுதியிருக்கு? ரெண்டு கிலோமீட்டர்ல இருக்காளாமா? எந்தத் தெருவாம்?"

"என்னது?"

"ரெண்டு கிலோமீட்டர்னு போட்டிருக்குல்லா."

நான் திரும்பப் படித்தேன். இரண்டே கிலோமீட்டர். என் வீட்டிலிருந்தும் இரண்டு. பஸ் ஏறி இவ்வளவு தூரம் வந்தால் இங்கிருந்தும் இரண்டு. நடுவில் ஓர் ஊரே இருக்கிறது.

"சலேத், உனக்கு என்ன விளம்பரம் வரும்?"

"எனக்கா? குக்கர், பிரியாணி அண்டா. ஏன் மைனி, முகம் ஒரு மாதிரி இருக்கு? தண்ணி குடிக்கேளா?"

பார்ப்பதற்குத் தக்கன வருமென்றால் இந்த லேப்டாப்பில் கப்பலை மறைத்துக்கொண்டு அண்டா அல்லவா வந்திருக்க வேண்டும்? நான் அவர் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. கொண்டுவந்தது படத்தை மட்டும்தான்.

தண்ணீர் குடித்தேன். இரண்டு டம்ளர்.

நவம்பர் 12, செவ்வாய்

வளனுக்குப் போன் செய்தேன். சோப்பு விளம்பரம் இன்னொருவர் லேப்டாப்பிலும் வருகிறது, டேப்பிலிருந்து மாற்றிய ஒவ்வொரு படத்திலும் ஒரே மாதிரி இடத்தில் வருகிறது, வயரைப் பிடுங்கினாலும் விண்டோ திறக்கிறது என்று வரிசையாகச் சொன்னேன்.

"அட, படம் ஓடும்போதா வருது? அன்னைக்கே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே மேடம். அது ஃபைலுக்குள்ளயே இருக்கு. இந்த எடம் வந்ததும் இந்தப் பக்கத்தத் தொறன்னு உள்ள கட்டளை வச்சிருப்பாங்க. டேப்ப மாத்திக் குடுத்த எடத்துல வைரஸ் இருந்திருக்கும். எல்லா ஃபைல்லயும் ஒட்டிக்கிட்டு வந்திருக்கு."

"அப்ப, பாத்ததுக்குத் தக்கன..."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. சார் பாவம், ஒண்ணும் பண்ணல."

அவர் ஏதாவது பண்ணினார் என்று நான் கேட்கவே இல்லை.

நேரில் வரட்டுமா என்றார். வேண்டாம், வழியை மட்டும் சொல்லுங்கள் என்றேன். படம் ஓட்டும் பிளேயரில் ஆப்ஷன்ஸ். அதற்குள் செக்யூரிட்டி என்றொரு பக்கம். அங்கே 'ஸ்கிரிப்ட் கட்டளைகள் இருந்தால் நிறைவேற்று' என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு டிக். அந்த டிக்கை எடுத்துவிட வேண்டும். பக்கம் முழுவதையும் முதலிலிருந்து கடைசி வரை படித்துவிட்டே எடுத்தேன். இனி படம் சொல்வதைப் பிளேயர் கேட்காது.

படத்தைப் போட்டேன். கப்பல் நடுவுக்கு வந்தது. கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் திறக்கவில்லை. கப்பல் தன்பாட்டில் நடுவைத் தாண்டி, மறுபக்கம் போய், விளிம்பில் மெல்லக் கரைந்தது. அது போன பிறகும் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது.

அவ்வளவு சின்ன ஒரு டிக்.

நவம்பர் 13, புதன்

பூக்காரியிடம் இரண்டு முழம் மல்லிகை. அட்டையில் அடித்த இரண்டு சொற்களையும் திரும்பப் போடச் சொன்னேன். வரி நீளம்தான், இருக்கட்டும் என்றேன். சலேத் எதுவும் கேட்கவில்லை; அவளுக்கும் சில நேரம் நல்ல புத்தி வரும். டெல்பினிடம் வீடியோ உண்டு என்று சொல்லியாயிற்று.

நவம்பர் 15, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமைக்குப் பச்சைக் கடலும் இரட்டைக் கப்பலும் உள்ள படத்தை எடுத்து வைத்திருக்கிறேன். அது எல்லோருக்கும் பிடிக்கும். மண்டபத்து லேப்டாப்பிலும் அந்த டிக்கை முதலில் நானே எடுத்துவிடுவேன்.

இன்று காலை வேறொரு படம் பார்த்தேன். வெள்ளையாகப் பனிமூட்டம் இருந்ததே, அது. நடு இடம் தாண்டியது. கப்பல் போயிற்று. "சரி," என்று அவர் யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். கேமரா கீழே இறங்கியது. நிறுத்த மறந்திருக்கிறார்.

கழுத்தில் தொங்கிக்கொண்டு கேமரா நடக்கிறது. மணல், செருப்பு நுனி, மணல், செருப்பு நுனி. சில நேரம் வானம் சாய்ந்து வந்து போகிறது. ஆடி ஆடி எனக்குத் தோணியில் போவதுபோல் கண் சொக்கியது. ஒரு குரல்: "சார், டீ குடிச்சிட்டுப் போங்க."

"இப்ப வேண்டாம்ப்பா. வீட்டுல ஆரம்பிச்சிருப்பா."

"திட்டவா சார்?"

இவர் சிரித்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது.

தார் ரோடு. எங்கள் தெருவின் உடைந்த மூடி போட்ட சாக்கடை. எங்கள் கேட்டின் கீழ்க்கம்பி. அங்கே நின்றார். கேட்டைத் திறக்கவில்லை. திரையில் அவருடைய இரண்டு செருப்புகளும் கேட்டின் நிழலும் மட்டும். ஓர் எறும்பு வரிசை.

உள்ளே நான் பாடிக்கொண்டிருந்தேன்.

கோயில் பாடகர் குழுவில் முதல் குரல் நான். இளைஞர்கள் மைக்கும் கீபோர்டுமாக வந்த வருடம், பாட்டுப் புத்தகத்தை ஆர்கன்மேல் வைத்துவிட்டு எழுந்து வந்தவள். அதன் பிறகு என் குரல் யார் காதிலும் விழக் கூடாது என்று முடிவு செய்தேன், விழவும் விடவில்லை. இவர் கேட்டபோதும் பாடவில்லை. ஒரு முறை கேட்டார், மறுபடி கேட்கவில்லை. இவர் கப்பல் பார்க்கப் போன பிறகு, வீட்டில் யாரும் இல்லாதபோது, கதவைத் தாழிட்டுக்கொண்டு மாதாவுக்கான மாலைப் பாட்டு ஒன்றைப் பாடுவேன். அவ்வளவுதான்.

செருப்புக் கால் ஒன்று மெல்ல இடம் மாறியது. தெருவில் ஒரு சைக்கிள் மணி. "ஷ்ஷ்" என்றார் இவர். சைக்கிள் சத்தமில்லாமல் போயிற்று. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்து, செருப்பும் நிழலும் ஒன்றாயின. பாட்டு முடிந்தது. அவர் அசையவில்லை. மூச்சு மட்டும். நெடுநேரம் கழித்துப் பலமாக இருமி, கேட்டின் தாழ்ப்பாளை வேண்டுமென்றே தடதடவென்று ஆட்டினார்.

என் குரல் உள்ளிருந்து வருகிறது: "ஏன் இவ்வளவு நேரம்?"

"கப்பல் லேட்டு," என்றார்.

படம் அங்கே முடிகிறது.

மறுபடி போட்டுக் கேட்டேன். இன்னொரு முறையும் கேட்டேன். இரண்டாவது சரணத்தின் கடைசி வரியில் சுருதி இறங்குகிறது. கேட்டுக்கு வெளியிலேயே அவ்வளவு தெளிவாகக் கேட்கிறது. இத்தனை வருடம் அங்கே நின்றவர் ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்.